காப்பீட்டு அட்டையில் சிவகாமி

சவரியம்மாளுக்கு இரண்டு பெயர். இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. கடலூரில் செம்மண்டலம் தாண்டி அவள் குடியிருந்த காலனியில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர்தான், கோயிலில் ஒன்று, சர்க்கார் காகிதத்தில் ஒன்று. ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் வைத்தது சவரியம்மாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது வாத்தியார் எழுதிக்கொண்டது சிவகாமி. "சவரியம்மான்னு போட்டா சலுகை ஒண்ணும் கெடைக்காதுய்யா" என்று அவளுடைய அப்பாவிடம் சொல்லிவிட்டு, சிதம்பரத்துக்காரரான அந்த வாத்தியார் தம் ஊர் அம்மன் பெயரையே எடுத்துக் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷர். அவர் சொன்னது பொய்யும் இல்லை.

ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் பட்டதும் சாதி கழுவிக்கொண்டு போய்விடும் என்று சட்டம் நம்பியது. ஊர் நம்பவில்லை. வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர் ஆன பிறகும் டீக்கடையில் அவளுடைய அப்பாவுக்குத் தனி டம்ளர்தான். டம்ளர் மாறாதபோது சலுகையை மட்டும் ஏன் விட வேண்டும் என்று அந்தத் தெரு மொத்தமும் யோசித்து, சத்தமில்லாமல் இரண்டு பெயரோடு வாழப் பழகிக்கொண்டது. அடுத்த தலைமுறை இன்னும் கெட்டிக்காரத்தனம் செய்தது. பிள்ளைகளுக்கு அன்பரசு, இசைவாணி என்று இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் பெயராகப் பார்த்து வைத்தார்கள். சவரியம்மாளின் மகனும் மகளும் அப்படித்தான்.

கணவர் தேவசகாயம் (அவருக்கும் சர்க்கார் காகிதத்தில் வேறு பெயர்தான்) போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில், வேப்பமரத்தடியில் இருக்கிறார். பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அது தன் இடம் என்று சவரியம்மாள் யாரிடமும் கேட்காமலேயே முடிவு செய்திருந்தாள். கன்னிமார் மடத்து விடுதிச் சமையற்கட்டில் வேலை செய்து இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தாள். அங்கே கூட வேலை பார்த்த முத்தம்மாள்தான் அவளுக்கு உற்ற தோழி. "ஏ சவரி" என்று முத்தம்மாள் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் கிணற்றடிவரை கேட்கும்.

இருதயத்தில் வால்வு சுருங்கிக் கிடக்கிறது என்று மிஷன் ஆஸ்பத்திரியில் சொல்லி ரொம்ப நாளாயிற்று. மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. 2009 ஆடி மாசத்தில் மாத்திரையும் கைவிட்டது. சாதம் வடிக்கும் குண்டானைத் தூக்கினால் மூச்சு வாங்கியது, படுத்தால் இருமல், கால் வீங்கிப் போய் செருப்பு ஏறவில்லை. வால்வை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு ஆகும் தொகையை அவர் சொன்னபோது இசைவாணி அழுதாள். சவரியம்மாளுக்குச் சிரிப்புதான் வந்தது. அவ்வளவு பணத்தை அவள் கனவில்கூடப் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் ஏழைகளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே இலவசமாக ஆபரேஷன் என்று சர்க்கார் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கொண்டுபோய், போட்டோ எடுத்துக் கைரேகை வைத்தால் அட்டை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. ஆனால் ரேஷன் கார்டில் இருந்தவள் சிவகாமி. மிஷன் ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் இருந்தவள் சவரியம்மாள்.

"ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு தாசில்தார்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டா முடிஞ்சுதேடா" என்றாள் அவள்.

அன்பரசுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவன் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதித் தேறியிருந்தான், இந்து ஆதிதிராவிடர் என்ற சான்றிதழோடு. உத்தரவு கைக்கு வரவில்லை. சான்றிதழ் மெய்தானா என்று விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"எம்மா, உம் பேரு சவரியம்மாள்னு தாசில்தார் ஆபீஸ்ல ஒரு காயிதம் இருந்தா போதும்மா. எனக்கு அடுத்து நிக்கிறவன் ஒரு மொட்டப் பெட்டிசன் போட்டான்னா எஞ் சாதியே போச்சு, வேலையும் போச்சு."

"சாதி போனா நல்லதுதானடா, அதுக்குத்தான உங்க தாத்தா வேதத்துல சேந்தாரு" என்று சொல்ல வாயெடுத்தாள். மகன் கண்ணைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள். பழைய சீட்டுகளை எல்லாம் டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டுச் சிவகாமியாகவே போவது என்று முடிவாயிற்று.

மஞ்சக்குப்பத்தில் பந்தல் போட்டு முகாம் நடந்தது. கிளம்பும்போது இசைவாணி அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அதில் பொட்டு வைத்தது கிடையாது. "கொஞ்சமாச்சும் இந்து மாதிரி இருக்க வேணாமா?" என்று ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய ஸ்டிக்கர் பொட்டில் இருப்பதிலேயே பெரிதாக, சிவப்பாகப் பார்த்து ஒட்டிவிட்டாள். கண்ணாடியில் பார்த்த சவரியம்மாளுக்கு யாரோ வீட்டுக்கு வந்திருக்கிற மாதிரி இருந்தது.

பந்தலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண், "சிவகாமி... யாரும்மா சிவகாமி?" என்று கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். சவரியம்மாளும் மற்றவர்களோடு சேர்ந்து, யாரடா அந்தச் சிவகாமி, காது கேட்காதவளா என்று திரும்பிப் பார்த்தாள். இசைவாணி விலாவில் இடித்தபிறகுதான் எழுந்தாள்.

அந்தப் பெண் காகிதத்தைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். "வீட்டுக்காரரு இறந்துட்டாருன்னு சர்டிபிகேட்ல இருக்கு. நீங்க பொட்டு வச்சினு வந்திருக்கீங்க. சிவகாமிங்கறது யாரு? யாரு கார்டம்மா இது?"

தாய்க்கும் மகளுக்கும் அப்போதுதான் உறைத்தது. இந்து மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தார்களே ஒழிய, தாலி அறுத்த இந்து மாதிரி இருக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. விபூதியோ வெறும் நெற்றியோ போதும். பிறந்ததிலிருந்து பொட்டே வைக்காத குடும்பத்துக்குப் பொட்டை எப்போது எடுப்பார்கள் என்று எப்படித் தெரியும்?

பக்கத்து மேசையில் இருந்த கிராம நிர்வாக அலுவலர் சுப்பராயலு எழுந்து வந்தார். "கூட யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்குறாங்களா? விசாரிச்சுட்டு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். விசாரிப்பது என்றால் காலனிக்கு வருவார். காலனியில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சவரியம்மா வீடு என்றுதான் காட்டும். சவரியம்மாளுக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் அவளுக்குக் கோபம் வரும்.

"ஏன் சார், புருசன் செத்தா பொண்டாட்டி நெத்தியும் செத்துப்போச்சா? நான் வைக்கிறேன் பொட்டு. எந்தச் சட்டத்துல வைக்கக் கூடாதுன்னு இருக்கு, காட்டுங்க."

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் கை தட்டினார்கள். "அப்படிக் கேளுக்கா" என்றாள் ஒருத்தி. சுப்பராயலு கூச்சத்தோடு சிரித்துவிட்டு, "எடுத்துக்கம்மா போட்டோவ" என்று கையெழுத்துப் போட்டார். கைதட்டலில் சவரியம்மாளே கொஞ்சம் மயங்கித்தான் போனாள். நிமிர்ந்து உட்கார்ந்து போட்டோவுக்கு முகம் காட்டினாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? அட்டை வந்தபோது பார்த்தால், சின்னஞ்சிறு முகத்தில் முகத்தைவிடப் பொட்டு பெரிதாகத் தெரிந்தது. இனி அந்த அட்டையை எங்கே நீட்டினாலும் அந்தப் பொட்டோடுதான் நீட்ட வேண்டும்.

சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். கடலூரில் தெரிந்த முகம் ஜாஸ்தி என்று அன்பரசு அவ்வளவு தூரம் கூட்டிப்போனான். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி எங்கம்மா காட்டினீங்க?" என்று கேட்டார்.

"எங்கயும் காட்டலீங்க."

"இவ்வளவு முத்தற வரைக்கும் எங்கயும் காட்டலியா? உங்க உயிரு மேல உங்களுக்கே அக்கறை இல்லன்னா நாங்க என்ன பண்றது?" என்று பிடிபிடியென்று பிடித்தார். மாதாமாதம் தவறாமல் மிஷன் ஆஸ்பத்திரிக்கு நடந்தவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். சோதனைக்கு என்று வந்தவளை அப்படியே படுக்க வைத்துவிட்டார்கள். காப்பீட்டு அனுமதி வந்ததும் ஆபரேஷன்.

பக்கத்துக் கட்டிலில் கொளஞ்சியம்மாள். சிதம்பரத்துக்குப் பக்கத்துக் கிராமம், நெல்லும் உளுந்தும் விளைவிக்கிற குடும்பம், வாய் ஓயாத நல்ல பொம்பளை. "சிவகாமியா? எங்க ஊரு ஆத்தா பேரு. உனக்கு ஒண்ணும் ஆவாதுக்கா" என்று முதல் நாளே உறவு கொண்டாடிவிட்டாள். தன் மகன் காலையில் நடராஜர் கோயிலிலிருந்து கொண்டுவரும் விபூதியில் பாதியை இவள் நெற்றியில் பூசாமல் பல் துலக்க மாட்டாள். அன்பாகப் பூசுகிறவள் கையை எப்படித் தட்டிவிடுவது? சவரியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரே மன்னியும் என்று உள்ளுக்குள் சொல்வாள்.

"நீங்க என்ன ஆளுங்க?" என்று ஒரு மத்தியானம் கொளஞ்சியம்மாள் கேட்டாள். தயிர்ச் சாதத்தில் பாதியை இவள் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டாள். சிவகாமியாகப் பதில் சொன்னால் காலனிச் சாதியைச் சொல்ல வேண்டும், விபூதியும் தயிர்ச் சாதமும் நின்றுபோகலாம். சவரியம்மாள் என்று சொன்னால் அட்டை போகும், மகன் வேலை போகும். எந்தப் பெயரில் நுழைந்தாலும் அதே தெருவில்தான் கொண்டுபோய் விட்டது.

"நாங்கல்லாம் கம்பெனி ஆளுங்க. எம் பொண்ணு சிப்காட்ல பேக்கிங் பண்ணுது" என்றாள். கொளஞ்சியம்மாள் சிரித்துவிட்டுச் சாப்பிட்டாள்.

ஜெபமாலையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். போர்வைக்குள் விரலை மடக்கி மடக்கி அருள் நிறை மரியே சொல்வாள். அதையும் கொளஞ்சியம்மாள் பார்த்துவிட்டாள். "என்னக்கா விரல எண்ணிக்கினே இருக்க?"

"ஸ்ரீராமஜெயம் சொல்றேன்."

சொல்லி முடித்ததும் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். சேவல் கூவுமுன் மூன்று தடவை இயேசுவையே தெரியாது என்று மறுதலித்த சீடர் இராயப்பர் ஞாபகம் வந்தது. அவர் மூன்றோடு நிறுத்தினார். இவள் கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது. நல்லவேளை, ஆஸ்பத்திரியில் சேவல் இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் அன்பரசு வெளியே போய்ச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தான். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய டாக்டர், உயிருக்கு ஆபத்து வரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருந்தார். மகனைத் தாழ்வாரத்து ஓரம் கூட்டிப்போய்ச் சவரியம்மாள் மெல்லக் கேட்டாள்.

"இந்த ஊருல கோயில் இருக்குதில்ல, சாமியார ஒரு எட்டு கூட்டியாடா. செஞ்ச பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு நோயில்பூசுதல் வாங்கிக்கிறேன். அவ்ளோதான். அப்புறம் எப்படியோ போறேன்."

"எம்மா, வார்டுல இன்சூரன்ஸ்காரரு உக்காந்துனு இருக்காரு. அங்கி போட்டுனு ஒரு சாமியார் வந்து சிவகாமி நெத்தியில எண்ண பூசினா என்ன நெனப்பாரு?"

"அங்கி இல்லாம வரச் சொல்லு."

"பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி கண்ணக் கொட்டாம பாத்துனு இருக்காளே. எம்மா, ஆர்டர் இந்த மாசம் வந்துடும்மா. அதுவரைக்கும் பொறுத்துக்கம்மா, உன்னக் கும்புடுறேன்."

அவன் கெட்டவன் இல்லை. அம்மாவுக்காக வாரக்கணக்கில் ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்தவன். அதனால்தான் அவனைத் திட்டவும் அவளுக்கு மனசு வரவில்லை.

"சரி, வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லு. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா எங்கடா வைப்ப? அப்பா பக்கத்துலதான?"

அன்பரசு கையில் இருந்த சாத்துக்குடிப் பையின் முடிச்சை அவிழ்த்தான், மறுபடி முடிந்தான். சிவகாமி செத்தால் சிவகாமிக்குத்தான் இறப்புச் சான்று. அவளைக் கல்லறைத் தோட்டத்தில், சிலுவை நட்டு, ஊரறியப் புதைத்தால் அதைவிடப் பெரிய பெட்டிசன் எது? இதையெல்லாம் அவன் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறான் என்பது அந்த முடிச்சைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாவைப் பற்றி அதுவரை இல்லாத பயம் அப்போதுதான் அவளைப் பிடித்தது. பயத்தை யாரிடம் சொல்வது? மகனிடம் சொல்ல முடியாது, பக்கத்துக் கட்டிலிலும் சொல்ல முடியாது. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றால் மூச்சு இடம் கொடுக்கவில்லை.

"பழத்த உள்ள வையி, வெயில்ல கெட்டுரும்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் தியேட்டர் வாசலில் தள்ளுவண்டியை நிறுத்தி நர்ஸ் கேட்டாள். "உங்க பேர நீங்களே சொல்லணும்மா."

சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போனால் செத்தாலும் சவரியம்மாளாகச் சாகலாம். நாக்கு நுனிவரை வந்தது. தாழ்வாரத்து முனையில் அன்பரசு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான். சாமியைக் கும்பிடுகிறானா, அவளைக் கும்பிடுகிறானா என்று தெரியவில்லை.

"சிவகாமி" என்றாள்.

"தோடு, வளையல் எல்லாம் கழட்டியாச்சா? பொட்டும் இருக்கக் கூடாதும்மா" என்று நர்ஸ் ஸ்டிக்கரை உரித்துவிட்டு, ஸ்பிரிட் பஞ்சால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். விபூதியும் போயிற்று. நெற்றி சில்லென்று இருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்குள் அடியெடுத்து வைத்ததிலிருந்து அவள் நெற்றி அவளுடையதாக இருந்தது அந்த நேரத்தில்தான். கட்டைவிரலால் அதில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள். நர்ஸ் பார்த்தாள். பார்க்காதவள் மாதிரி வண்டியை உள்ளே தள்ளினாள்.

பிழைத்துக்கொண்டாள். உலோக வால்வு, அமைதியான இடத்தில் காது கொடுத்தால் கடிகாரம் மாதிரி சத்தம் கேட்கும். கண் விழித்து வார்டுக்குத் திரும்பியதும் கொளஞ்சியம்மாள் செய்த முதல் வேலை, தன் பையிலிருந்து ஒரு பொட்டை எடுத்து ஒட்டியது. "மூளியா கெடக்காதக்கா" என்றாள்.

அன்பரசுக்கு உத்தரவு வந்தது, சிதம்பரத்திலேயே வேலை. கல்யாணமும் ஆயிற்று. ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை, மாதாமாதம் அதே ஆஸ்பத்திரியில் சோதனை என்பதால் அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொண்டான். ராஜோபசாரம்தான், குறை சொல்ல முடியாது. குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கம் எல்லாம் ஆபீஸ்காரர்கள் என்பதால் மாதா படம் மட்டும் பீரோவுக்குள் இருந்தது. அவன் இன்னும் பயந்தான். வேலை கிடைக்கும்வரை கிடைக்காதோ என்று பயம், கிடைத்தபின் போய்விடுமோ என்று பயம். சிவகாமியம்மா, சிவகாமி பாட்டி, சிவகாமி மாமி என்று நாளெல்லாம் அவளைக் கூப்பிட ஆள் இருந்தது. பீரோவைத் திறந்தால் மட்டும் சவரியம்மாள்.

2012இல் பழைய திட்டம் போய்ப் புதுத் திட்டம் வந்தது. புது அட்டைக்கு மறுபடி போட்டோ, மறுபடி கைரேகை. அவளுடைய ரேஷன் கார்டு கடலூரில் இசைவாணியோடு தனியாகவே இருந்ததால், கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அன்பரசு அவளை மஞ்சக்குப்பத்துக்கு அழைத்துவந்தான். பஸ்ஸில் வந்த வியர்வையில் பொட்டு எங்கோ விழுந்துவிட்டிருந்தது. வரிசையில் நிற்கும்போது அவன் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டு எடுத்து, பேசாமல் நீட்டினான். அவளும் பேசாமல் ஒன்றை உரித்து ஒட்டிக்கொண்டாள். கண்ணாடி இல்லாமலேயே நடு நெற்றியில் சரியாக உட்கார்ந்தது.

"சிவகாமி!" என்று குரல் வந்தது. அந்தப் பெயர் முடிவதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் பொட்டை எடுத்துவிட்டு இசைவாணியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். தேவசகாயத்தின் கல்லறையைக் கழுவி, சாமந்திப் பூவைத் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். காற்று அணைத்தது, மறுபடி ஏற்றினாள். பக்கத்து இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. பின்னால் கூட்டத்திலிருந்து ஒரு கிழவி யாரையோ ஓங்கிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

"ஏ சவரி... சவரியம்மா!"

இத்தனை சத்தமாகக் கூப்பிடுகிறாளே, அந்தப் பொம்பளைக்குக் காது கேட்கவில்லையா என்று நினைத்தபடி அவள் அடுத்த மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தாள்.

"சவரி!"

இசைவாணி தோளைத் தொட்டாள். "எம்மா, முத்தம்மா அத்த கூப்புடுறாங்க. உன்னத்தாம்மா."